மெத்தென்ற வெள்ளை பிரெட்: செட்டிநாட்டு வெக்கைக்கு ஒரு கணக்கு

இட்லி மாவு சித்திரையில் ஆறு மணி நேரத்தில் பொங்கி வழிவதும், மார்கழியில் விடிந்த பிறகும் அசையாமல் கிடப்பதும் காரைக்குடிப் பக்கத்து அடுக்களைகளுக்குப் புதிதல்ல. உப்பை எப்போது போடுவது, பாத்திரத்தை எங்கே வைப்பது என்று பருவத்துக்குத் தக்கபடி கை தானாகவே மாற்றிக்கொள்ளும். பிரெட் மாவு என்று வந்தால் மட்டும் அந்தக் கைக்குத் தயக்கம் வந்துவிடுகிறது. "வெதுவெதுப்பான இடத்தில் ஒன்றரை மணி நேரம் மூடி வைக்கவும்" என்று குளிர்நாட்டு அடுக்களைக்காக எழுதிய குறிப்பை எழுத்துப் பிசகாமல் பின்பற்றுகிறோம். தேவகோட்டையிலும் பள்ளத்தூரிலும் வெதுவெதுப்பான இடத்தைத் தேடவா வேண்டும்? ஏப்ரல், மே மாதங்களில் அடுக்களையே 34 டிகிரியில் இருக்கிறது. அங்கே ஒன்றரை மணி நேரம் வைத்த மாவு பொங்கி முடித்து, புளித்து, தளர்ந்துபோயிருக்கும். அடுப்பில் வைத்ததும் அமுங்கும். மறுநாள் உதிரும்.

ஆகவே இங்கே மெத்தென்ற பிரெட் வேண்டுமானால் கடிகாரத்தை ஓரமாக வைத்துவிட்டு மாவின் சூட்டையும் மாவின் உருவத்தையும் பார்க்கப் பழக வேண்டும். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மென்மை எங்கிருந்து வருகிறது

மைதாவில் தண்ணீர் பட்டதும் அதிலுள்ள குளூட்டனின், கிளையாடின் என்ற இரண்டு புரதங்கள் சேர்ந்து இழுபடும் வலையாக மாறுகின்றன. அதுதான் குளூட்டன். ஈஸ்ட் என்பது உயிருள்ள நுண்ணுயிர். மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவையும் சிறிது ஆல்கஹாலையும் வெளியிடும். அந்த வாயுவைக் குளூட்டன் வலை குமிழி குமிழியாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அடுப்பில் குமிழிகள் விரிகின்றன, மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சி வெந்து கெட்டிப்படுகிறது, வலை அப்படியே நின்றுவிடுகிறது.

இதில் வலை சரியாக உருவாகாவிட்டால் வாயு தப்பித்து பிரெட் அடைசலாகும். வலை உருவான பிறகு அளவுக்கு மீறிப் பொங்கவிட்டால் குமிழிச் சுவர்கள் மெலிந்து கிழியும். இரண்டும் சரியாக இருந்தும் தண்ணீர் குறைந்திருந்தால் அன்று நன்றாக இருக்கும், மறுநாள் காய்ந்துவிடும். கையில் ஒட்டுகிறதே என்று பிசையும்போது மேலும் மேலும் மைதாவைத் தூவுவதுதான் தண்ணீர் குறைவதற்கு முதல் காரணம். பிரெட் மாவு சப்பாத்தி மாவை விட நன்றாகவே இளகலாக இருக்க வேண்டும், ஆரம்பத்தில் கையில் ஒட்டத்தான் செய்யும்.

மைதா

கடையில் கிடைக்கும் சாதாரண மைதாவில் புரதம் பெரும்பாலும் 10 முதல் 11 சதவீதம் இருக்கும். வெளிநாட்டுக் குறிப்புகளில் சொல்லும் பிரெட் மாவில் 12, 13 வரை இருக்கும். அவர்கள் சொல்லும் தண்ணீர் அளவை நம் மைதாவில் அப்படியே ஊற்றினால் கூழாகிவிடுவது இதனால்தான். பாக்கெட்டின் பின்பக்கத்தில் 100 கிராமுக்குப் புரதம் எவ்வளவு என்று போட்டிருப்பார்கள். 10-க்குக் கீழே இருந்தால் கேக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மளிகைக் கடையில் சில்லறையாக வாங்கும் மைதாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது. அதற்கு ஒரு சோதனை உண்டு. 100 கிராம் மைதாவில் 60 மில்லி தண்ணீர் விட்டு உருட்டி, 20 நிமிடம் தண்ணீரில் மூழ்க வையுங்கள். பிறகு குழாய்த் தண்ணீரை மெல்லிய தாரையாக விட்டு, வடிகட்டியின் மேல் வைத்துப் பிசைந்து கழுவுங்கள். வெள்ளைத் தண்ணீர் வருவது நின்று தெளிந்த பிறகு கையில் ரப்பராக மிஞ்சுவதுதான் குளூட்டன். பிழிந்து எடை போட்டால் 27, 28 கிராமுக்கு மேல் நிற்க வேண்டும். 20-ஐ ஒட்டி நின்றால் அந்த மைதாவில் எவ்வளவு பிசைந்தாலும் உயரம் வராது. குளூட்டன் பொடி தனியாக விற்கிறார்கள். 350 கிராம் மைதாவுக்கு 5 கிராம் சேர்த்தால் ஓரளவு சரிக்கட்டலாம்.

கோதுமை மாவில் செய்யக்கூடாதா என்று கேட்பவர்களுக்கு: செய்யலாம், ஆனால் அது வேறு பிரெட். கோதுமைத் தவிட்டின் துகள்கள் குளூட்டன் வலையை அறுக்கும், தண்ணீரும் அதிகம் குடிக்கும். முதன்முதலில் கற்றுக்கொள்பவர் மைதாவில் நாலைந்து முறை கை பழகிய பிறகு கோதுமைக்குப் போவது நல்லது.

அளவு

கப் கணக்கு வேண்டாம். ஒரே கப்பில் மைதாவைத் தளர்வாக அள்ளினால் 120 கிராம், அழுத்தி அள்ளினால் 150 கிராம். இந்த 30 கிராம் வித்தியாசமே மெத்தென்ற பிரெட்டை ரப்பர் பிரெட்டாக்கப் போதும். ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிவிடுங்கள்.

ஒரு பிரெட்டுக்கு:

மைதா 350 கிராம் (இதில் 20 கிராம் கூழுக்கு, கூழ் காய்ச்சும் முறை பின்னால் வருகிறது)
கூழுக்குத் தண்ணீர் 100 மில்லி
காய்ச்சி ஆறிய பால் 140 மில்லி
சர்க்கரை 18 கிராம்
உப்பு 6 கிராம்
இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம், அதாவது தலைதட்டி ஒரு டீஸ்பூன். சித்திரை, வைகாசியில் 2 கிராம் போதும்
உப்பில்லாத வெண்ணெய் 28 கிராம்

இதை ரொட்டிக்காரர்கள் வேறு விதமாக நினைவில் வைப்பார்கள். மைதாவை நூறு என்று வைத்துக்கொண்டு, மற்றதை எல்லாம் அதன் சதவீதமாகச் சொல்வது அவர்கள் வழக்கம். உப்பு 1.7, சர்க்கரை 5, வெண்ணெய் 8, ஈஸ்ட் 0.6 முதல் 0.9, தண்ணீரும் பாலும் சேர்ந்து 64 முதல் 69. இந்த எண்கள் மனதில் நின்றுவிட்டால் அரைக் கிலோவுக்கோ இரண்டு கிலோவுக்கோ குறிப்பு தேட வேண்டியதில்லை.

ஒவ்வொன்றுக்கும் வேலை உண்டு. உப்பு ருசிக்கு மட்டுமல்ல. குளூட்டனை இறுக்கும், ஈஸ்ட்டின் வேகத்தை மட்டுப்படுத்தும். உப்பை மறந்த மாவு வெறிபிடித்துப் பொங்கி, பிசுபிசுத்துப் பரவும். கல்லுப்பு போடுவதானால் பாலில் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள், நேராகப் போட்டால் கரையாத கற்கள் மாவுக்குள் நின்றுவிடும். சர்க்கரை மைதாவின் எடையில் பத்து சதவீதத்தைத் தாண்டினால் ஈஸ்ட்டிடமிருந்து தண்ணீரை இழுத்து அதைச் சோர்ந்துபோகச் செய்யும், இனிப்பு பன் மெதுவாகப் பொங்குவது அதனால்தான். பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையை ரொட்டி ஈஸ்ட்டால் தின்ன முடியாது. அது அப்படியே மிஞ்சி மேல்தோலுக்குப் பொன்னிறம் கொடுக்கிறது. வெண்ணெய் குளூட்டன் இழைகளுக்கு மேல் பூசினாற்போலப் படிந்து கடிக்க மென்மையாக்கும். நெய் ஊற்றலாமா? ஊற்றலாம். வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர், நெய்யில் அது கிடையாது. ஆகவே 23 கிராம் நெய், கூட ஒரு டீஸ்பூன் தண்ணீர். வாசனை மட்டும் வெள்ளை பிரெட்டின் வாசனையாக இருக்காது. மணமில்லாத ரீஃபைண்ட் எண்ணெயும் நன்றாகவே வேலை செய்யும்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. உப்புக் கரிக்கும் போர் தண்ணீரில் பிசையாதீர்கள். குடிக்கிற தண்ணீர் எதுவோ அதுதான் மாவுக்கும்.

ஈஸ்ட்டில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். கடை அலமாரியில் கோடை முழுக்க வெந்துகிடந்த பாக்கெட் பாதி செத்திருக்கும். கால் கப் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் ஈஸ்ட்டும் போட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்தில் நுரை தொப்பியாக எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் மாவை வீணாக்க வேண்டாம். திறந்த பாக்கெட்டைக் காற்றுப் புகாத சிறு பாட்டிலில் அடைத்து ஃப்ரீசரில் வைத்தால் பல மாதம் தாங்கும். உருண்டையான பெரிய மணிகளாக இருப்பது ஆக்டிவ் டிரை ஈஸ்ட், அதை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்த பிறகே சேர்க்க வேண்டும். பொடிமணியாக இருப்பது இன்ஸ்டன்ட், மைதாவில் நேராகக் கலக்கலாம். இரண்டில் எதையும் கொதிக்கும் தண்ணீரில் போட்டால் அதோடு முடிந்தது. 55, 60 டிகிரிக்கு மேல் ஈஸ்ட் பிழைக்காது.

கூழ்

வீட்டு பிரெட்டை மூன்றாம் நாளும் மென்மையாக வைக்கும் உத்தி இதுதான், இதை விட்டுவிட வேண்டாம். சீனர்களும் ஜப்பானியர்களும் பால் ரொட்டியில் செய்வது. 20 கிராம் மைதாவை 100 மில்லி தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் துழாவிக்கொண்டே இருங்கள். 65 டிகிரி வாக்கில் மாவுச்சத்து தண்ணீரைக் குடித்துக் குழம்பும். கரண்டி போன தடம் அடியில் ஒரு விநாடி தெரிந்து மறைந்தால் இறக்கிவிடலாம். கொதிக்கவிட வேண்டாம்.

வேகாத மைதா தன் எடையளவு தண்ணீரைக்கூட நிலையாகப் பிடித்து வைக்காது. வெந்த மாவுச்சத்து தன்னைப்போல் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே மாவு கையில் ஓடாமல், அதே சமயம் கூடுதல் தண்ணீரோடு அடுப்புக்குப் போகிறது. செய்து முடித்த கூழின் மேல் ஒரு தட்டைப் போட்டு மூடி, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். முதல் நாள் இரவே செய்து வைப்பது இன்னும் வசதி.

சூட்டுக் கணக்கு

பிசைந்து முடித்தபோது மாவின் சூடு 26 டிகிரியை ஒட்டி இருந்தால் எல்லாம் நம் கைக்குள் இருக்கும். அதற்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. 26-ஐ மூன்றால் பெருக்கினால் 78. அதிலிருந்து அடுக்களையின் சூட்டைக் கழியுங்கள், மைதாவின் சூட்டைக் கழியுங்கள், பிசைவதால் ஏறும் சூட்டைக் கழியுங்கள். மிஞ்சுவது தண்ணீர் இருக்க வேண்டிய சூடு.

பங்குனியில் ஒரு காரைக்குடி அடுக்களை: அறை 33, டப்பாவிலிருக்கும் மைதாவும் 33, கையால் பிசைந்தால் ஏறுவது சுமார் 2. 78-இலிருந்து 68 போக 10. அதாவது பாலும் கூழும் ஃப்ரிட்ஜிலிருந்து நேராக வர வேண்டும். மின்சாரப் பிசையும் எந்திரம் என்றால் உராய்வில் 8, 10 டிகிரி கூட ஏறும். அப்போது மிஞ்சுவது பூஜ்யத்துக்குப் பக்கம். பாலில் ஒரு பங்கை ஐஸாக மாற்றிக்கொள்ளலாம், அல்லது மைதாவையே இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைக்கலாம். மார்கழியில் அறை 24 என்றால் இதே கணக்கு 28 டிகிரி தண்ணீர் கேட்கும். குழாய்த் தண்ணீரே போதும். "வெந்நீர் விட்டுப் பிசையவும்" என்பது நம் ஊரில் எந்த மாதத்துக்கும் பொருந்தாத அறிவுரை.

குளிர்ந்த பாலை ஈஸ்ட்டின் தலையில் நேராக ஊற்றக்கூடாது. ஈஸ்ட்டை முதலில் மைதாவில் பரவலாகக் கலந்துவிட்டால் அதிர்ச்சி இருக்காது. ஆக்டிவ் டிரை ஈஸ்ட் என்றால் பாலின் அளவிலிருந்தே இரண்டு மேஜைக்கரண்டியை எடுத்து, அதை மட்டும் வெதுவெதுப்பாக்கி ஊறவையுங்கள்.

வெப்பமானி இல்லாவிட்டாலும் வழி உண்டு. நம் கைத்தோலின் சூடு 32, 33 இருக்கும். பிசைந்த மாவைத் தொட்டால் சற்றுக் குளிர்ச்சியாகத் தெரிய வேண்டும். வெதுவெதுப்பாகத் தெரிந்தால் 30-ஐத் தாண்டிவிட்டது, பாத்திரத்தோடு பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் தள்ளுங்கள்.

பிசைவது

மீதி மைதா, சர்க்கரை, ஈஸ்ட் மூன்றையும் கலந்து, கூழையும் பாலையும் ஊற்றுங்கள். பாலில் ஒரு 15 மில்லியைக் கையில் வைத்துக்கொண்டு, மாவு கேட்டால் மட்டும் விடுங்கள். உலர்ந்த மாவு தெரியாத அளவுக்குக் கலந்ததும் நிறுத்தி, மூடி, 20 நிமிடம் சும்மா விடுங்கள். சோம்பேறித்தனமாகத் தோன்றும் இந்த இருபது நிமிடத்தில் குளூட்டன் வலை பாதி தானாகவே உருவாகிவிடும். கைவலி பாதி மிச்சம்.

பிறகு உப்பைத் தூவிப் பிசையத் தொடங்குங்கள். உள்ளங்கையின் அடிப்பகுதியால் முன்னே தள்ளி நீட்டி, மடித்து, கால் சுற்றுத் திருப்பி, மறுபடி தள்ள வேண்டும். வெறுமனே அமுக்குவதில் பயனில்லை, மாவு நீண்டு இழுபட வேண்டும். ஐந்து நிமிடத்தில் மாவு ஒன்றுசேர்ந்ததும் வெண்ணெயைச் சிறு துண்டுகளாகச் சேருங்கள். முதலிலேயே வெண்ணெயைப் போட்டால் புரதத்தின் மேல் கொழுப்பு படிந்து வலை உருவாவது தாமதமாகும். வெண்ணெய் போட்டதும் மாவு வழுக்கி, பிரிந்து, கெட்டுவிட்டதுபோல் தெரியும். பயப்பட வேண்டாம், மூன்று நான்கு நிமிடத்தில் உள்வாங்கிவிடும். அந்த நேரத்தில் மைதாவைத் தூவுபவர்கள்தான் கெடுத்துக்கொள்கிறார்கள். ஒட்டினால் கையில் துளி எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

நம் வெக்கையில் வெண்ணெய் அறையிலேயே உருகி ஓடும். உருகிய வெண்ணெய் மாவைச் சூடாக்கும், பிசுபிசுக்கவும் வைக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஐந்து நிமிடமானது போதும், விரல் பதியும் பதத்தில் சேர்க்கலாம்.

மொத்தம் 12 முதல் 15 நிமிடம் ஆகும். முடிந்ததா என்று அறிய எலுமிச்சை அளவு மாவைக் கிள்ளி நான்கு விரல்களால் மெதுவாக விரியுங்கள். கிழியாமல், வெளிச்சம் ஊடுருவும் சவ்வாக விரிந்தால் முடிந்தது. ஓட்டை விழுந்தாலும் அதன் விளிம்பு வழுவழுப்பாக வட்டமாக இருந்தால் சரி. விளிம்பு பிசிறு பிசிறாகக் கிழிந்தால் இன்னும் மூன்று நிமிடம். மென்மைக்கு எங்கே குறுக்குவழி தேடினாலும் இந்த ஒரு சோதனையில் மட்டும் சலுகை கிடையாது.

பொங்கவிடுவது

எண்ணெய் தடவிய பாத்திரத்தில் மாவை வைத்து ஈரத்துணியால் மூடுங்கள். பக்கம் நேராக ஏறும் பாத்திரமாக இருந்தால் நல்லது. மாவின் மட்டத்தில் வெளியே ஒரு ரப்பர் பேண்டு போட்டுவிட்டால் இரட்டித்ததா என்று கண்ணால் அளக்கலாம். அகலமான கிண்ணத்தில் எல்லோருக்கும் கண் ஏமாறும்.

24 டிகிரியில் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம் எடுக்கும் மாவு, 33 டிகிரியில் 45 நிமிடத்திலேயே இரட்டித்துவிடும். சீக்கிரம் பொங்கினால் நல்லதுதானே என்று தோன்றும். வேகமாகப் பொங்கிய பிரெட்டில் மணம் சேர நேரம் கிடைப்பதில்லை, ஈஸ்ட் வாடை மேலோங்கும், குமிழிகளும் பெரிது சிறிதாக இருக்கும். ஆகவே இங்கே மெனக்கெட வேண்டியது குளிர்ச்சிக்கு. பழைய செட்டிநாட்டு வீடு என்றால் கனத்த சுவரும் உயர்ந்த கூரையும் வேலையைச் சுலபமாக்கும், அடுப்படியை விட்டு உள்ளறைத் தரையில் வைத்தாலே சூடு நன்றாகக் குறையும். கான்கிரீட் கூரை வீட்டில் மாடி அறை வேண்டவே வேண்டாம். பாத்திரத்தை அகலமான தண்ணீர்த் தாம்பாளத்தில் நிறுத்தி வைக்கலாம்.

எல்லாவற்றையும் விடச் சுலபமானது இரவு முழுக்க ஃப்ரிட்ஜ். பிசைந்த மாவை 20 நிமிடம் வெளியே விட்டு, மூடி, ஃப்ரிட்ஜில் 8 முதல் 12 மணி நேரம் வையுங்கள். மெதுவாகப் பொங்கும், மணம் கூடும். காலையில் குளிர்ந்த மாவை உருட்டுவதும் எளிது. கோடையில் இந்த முறையைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

இரட்டித்த மாவில் மாவு தொட்ட விரலை அழுத்துங்கள். குழி அப்படியே நின்றால் சரி, உடனே மூடிக்கொண்டால் இன்னும் நேரம் வேண்டும். மாவு முழுதும் புஸ்ஸென்று இறங்கி, கள் வாடை அடித்தால் தாண்டிவிட்டது. அதைத் தூக்கிப் போட வேண்டாம், தட்டையாகப் பரத்தி எண்ணெய் தடவித் தவாவில் சுடலாம்.

டின்னும் உருட்டலும்

டின் அளவு பொருந்தாமல் போனால் நல்ல மாவும் மோசமாகத் தெரியும். டின்னில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி எத்தனை மில்லி என்று அளந்து, அதை 2.5-ஆல் வகுத்தால் போட வேண்டிய மாவின் எடை கிராமில் கிடைக்கும். மேலே சொன்ன அளவில் வருவது சுமார் 640 கிராம் மாவு, 1600 மில்லி டின்னுக்குச் சரி. டின் சிறிதாக இருந்தால் மிஞ்சும் மாவை இரண்டு பன்னாக உருட்டிவிடுங்கள், திணிக்காதீர்கள்.

அலுமினிய டின் சூட்டை நன்றாகக் கடத்தும், நிறம் சீராக வரும். எவர்சில்வர் டிபன் கேரியர் அடுக்கிலும் சுடலாம், பக்கங்கள் வெளுத்திருக்கும், ஐந்து நிமிடம் கூடப் பிடிக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் எனாமல் பாத்திரங்கள் அடுக்கியிருப்பதைப் பார்த்து ஆசை வரலாம். எனாமல் அடுப்புச் சூட்டைத் தாங்கும். ஆனால் உட்புறம் பெயர்ந்ததும், உள்ளே சிவப்பு, மஞ்சள் வண்ணம் பூசியதும் அலமாரி அழகுக்கு மட்டும் இருக்கட்டும்.

மாவை மேடையில் கவிழ்த்து, உள்ளங்கையால் தட்டிப் பெரிய குமிழிகளை வெளியேற்றுங்கள். டின்னின் நீளத்துக்கு அகலம் வரும்படி செவ்வகமாக விரித்து, இறுக்கமாகச் சுருட்டி, ஓரத்தைக் கிள்ளி ஒட்டி, ஒட்டிய பக்கம் கீழே போகும்படி எண்ணெய் தடவிய டின்னில் வையுங்கள். சுருட்டலில் காற்று சிக்கினால் பிரெட்டின் நடுவே பொந்து விழும், ஸ்லைஸில் ஜாம் வழியும்.

இரண்டாவது பொங்கல் இன்னும் வேகமாக நடக்கும். கோடையில் 25, 30 நிமிடம், மார்கழியில் 50. குளிர்ந்த மாவு என்றால் ஒரு மணிக்கு மேல். மாவின் நடு மேடு டின் விளிம்பை ஒரு விரற்கடை தாண்டும்போது ஓரத்தில் லேசாக அழுத்துங்கள். மெதுவாக எழும்பி, சிறு தடம் மிஞ்ச வேண்டும். அதுதான் அடுப்புக்குப் போக வேண்டிய நொடி. ஓவன் சூடாக 15 நிமிடமாவது வேண்டும் என்பதால், மாவு விளிம்பைத் தொடும் முன்பே சுவிட்சைப் போட்டுவிடுங்கள். ஓவன் தயாராகக் காத்திருக்கலாம், பொங்கிய மாவு காத்திருக்காது.

சுடுவது

ஓடிஜி எனப்படும் வீட்டு மின்சார ஓவனை 190 டிகிரியில் சூடாக்கி, டின்னைக் கீழ்த் தட்டில் வைத்து, 180-க்குக் குறைத்து 30 நிமிடம் விடுங்கள். மேலே பால் தடவினால் போதும். சின்ன ஓவனில் மேல் கம்பி மிக அருகில் இருப்பதால் 15, 20 நிமிடத்திலேயே மேல்பக்கம் சிவந்துவிடும். அலுமினியத் தாளைக் கூடாரமாக மூடிவிட்டுத் தொடருங்கள். வெப்பமானியைப் பக்கவாட்டில் நடு வரை செருகினால் 93 டிகிரிக்கு மேல் காட்ட வேண்டும். வெறும் நிறத்தை வைத்து எடுக்கப்படும் பிரெட்தான் ஆறியதும் நடுவில் பிசுபிசுப்பாக இருக்கும்.

மின்னழுத்தம் குறைந்தால் ஓவன் முள் காட்டும் சூடு உள்ளே இருக்காது. முப்பது ரொட்டிக்கு ஒருமுறையல்ல, மாலை நேரத்தில் அடிக்கடி நடக்கும். ஓவனுக்குள் வைக்கும் தனி வெப்பமானி ஒன்று இதற்காகவே வாங்கலாம். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையை முன்கூட்டியே அறிவிக்கும், அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். சொல்லாமல் போகும் கரண்டுக்கு: மாவு டின்னில் பொங்கும்போது போனால் டின்னை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள், கரண்டு இல்லாவிட்டாலும் உள்ளே குளிர்ச்சி இருக்கும். சுடும்போது போனால் கதவைத் திறக்காதீர்கள். பத்து நிமிடத்துக்குள் வந்தால் பெரும்பாலும் தப்பிக்கும்.

ஓவன் இல்லாதவர்கள் கனமான அலுமினியச் சட்டியில் வளையம் வைத்து, மூடி, நடுத்தரத் தீயில் பத்து நிமிடம் சூடாக்கி, டின்னை வைத்துத் தீயைக் குறைத்து 40, 45 நிமிடம் சுடலாம். பாதி அளவு மாவில் செய்வது பாதுகாப்பு. மேல்பக்கம் சிவக்காது, வெந்த பிரெட்டைத் தவாவில் கவிழ்த்து இரண்டு நிமிடம் காட்ட வேண்டும். குக்கரைப் பயன்படுத்தினால் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிடுங்கள். நான்ஸ்டிக் பாத்திரத்தை இப்படி வெறுமனே காய்ச்சக்கூடாது.

அடுப்பிலிருந்து எடுத்ததும் மேலே வெண்ணெய் தடவுங்கள், தோல் மென்மையாகும். ஐந்து நிமிடத்தில் டின்னிலிருந்து கவிழ்த்துக் கம்பி வலையில் வைக்க வேண்டும். டின்னிலேயே விட்டால் ஆவி தண்ணீராகி அடி நனையும், பக்கங்கள் உள்வாங்கும். முழுதாக ஆற இரண்டு மணி நேரம். வீட்டில் யாரும் அவ்வளவு நேரம் பொறுக்கமாட்டார்கள்தான், ஆனால் சூட்டோடு வெட்டினால் ஆவி வெளியேறி மிச்ச பிரெட் காய்ந்துவிடும், கத்தியிலும் பிசின் ஒட்டும்.

வெட்டிப் பார்த்தால் தெரிவது

பக்கத்தில் ஒரு வரிசையாகக் கிழிந்து, அடியில் அடைசலாக இருந்தால் டின்னில் போதிய அளவு பொங்கவில்லை. மேல்பகுதி தட்டையாக அல்லது குழிந்து, உள்ளே பெரிய ஓட்டைகளும் புளிப்பு வாடையும் இருந்தால் அளவுக்கு மேல் பொங்கிவிட்டது. நம் ஊர்க் கோடையில் பத்தில் எட்டுத் தடவை நேர்வது இரண்டாவதுதான். உயரம் நன்றாக வந்தும் மறுநாள் உதிர்ந்தால் தண்ணீர் குறைவு, அல்லது அதிகம் சுட்டுவிட்டீர்கள். மேலே தோலுக்கடியில் கொப்புளம் தெரிந்தால் உருட்டும்போது காற்று வெளியேறவில்லை.

கடை பிரெட் அளவுக்குப் பஞ்சாக ஏன் வரவில்லை என்று மனம் உடைய வேண்டாம். அங்கே வேகமாகச் சுழலும் எந்திரமும், மாவை மேம்படுத்தும் சேர்மானங்களும், பூஞ்சையைத் தடுக்கும் கால்சியம் புரோப்பியோனேட்டும் இருக்கின்றன. முன்பு பொட்டாசியம் புரோமேட்டும் இருந்தது. புற்றுநோய் அச்சத்தால் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் அதை அனுமதிப் பட்டியலிலிருந்து நீக்கியது.

வைத்துக்கொள்வது

ஃப்ரிட்ஜில் வைத்த பிரெட் சீக்கிரம் விறைக்கும். வெந்து தளர்ந்த மாவுச்சத்து மறுபடி இறுகிப் படிகமாவதற்கு மிகவும் தோதான சூடு ஃப்ரிட்ஜின் 4 டிகிரிதான். வெளியே வைத்தால் மென்மை நிற்கும், ஆனால் நம் ஊர் வெக்கையில் மூன்றாம் நாள் பூஞ்சை பிடிக்கும். இரண்டு நாளைக்கு வேண்டியதை மட்டும் வெளியே டப்பாவில் வைத்து, மிச்சத்தை அன்றே ஸ்லைஸ் போட்டுப் பையில் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். எடுத்ததும் நேராக டோஸ்டரிலோ தவாவிலோ போட்டால் புதிதாகச் சுட்டதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது.

கோடையில் இன்னொன்றையும் கவனியுங்கள். பூஞ்சை எதுவும் கண்ணுக்குத் தெரியாமல், பிரெட்டின் நடுப்பகுதி மட்டும் பிசுபிசுத்து, பிய்த்தால் மெல்லிய நூலாக இழுபட்டு, அழுகிய பழ வாடை வரலாம். மைதாவிலிருந்து வரும் ஒருவகை பேசில்லஸ் கிருமியின் வேலை அது. அதன் வித்துகள் ஓவன் சூட்டிலும் பிழைத்து, 30 டிகிரிக்கு மேல் இரண்டாம் நாளில் பெருகும். அந்த பிரெட்டை முழுதாக எறிந்துவிட்டு, டின், மேடை, கத்தி, டப்பா எல்லாவற்றையும் வினிகர் தொட்ட துணியால் துடைத்து, மீந்த மைதாவையும் மாற்றிவிடுங்கள். அடுத்த மாவைப் பிசையும்போது பாலோடு ஒரு டீஸ்பூன் வினிகர் சேர்க்கலாம். புளிப்பு தெரியாது, கிருமி வளர்வது குறையும்.